நீ தேர்ந்தெடுத்த எதிரணி

மார்லோ, கென்டக்கி
பிப்ரவரி 9

அன்பு மகள் லின்னியாவுக்கு,

இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் என் சொல்பேச்சுக் கேட்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பிப்ரவரியில் கால்பந்து ஆட்ட அட்டவணை போடுகிறவர்கள் இரண்டையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒஹாயோவில், கார்வெல் பல்கலைக்கழகத்தில் நீ இப்போது உட்கார்ந்திருக்கும் அதே அறையில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவன் நான். ஜன்னல் ஓரத்துக் குழாய் இன்னமும் தட்டுகிறதா?

காகிதத்தில் எழுதுகிறேனே என்று பார்க்காதே. உன்னுடையது அரசுப் பல்கலைக்கழகம். அங்கே உனக்கு வருகிற மின்னஞ்சல் உனக்குச் சொந்தம் இல்லை. எந்தப் பத்திரிகைக்காரன் தகவல் கேட்டு மனு போட்டாலும் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் யாருக்கோ எழுதிய நாலு வரியை ஒரு காலையில் உள்ளூர்ப் பேப்பரில் படித்திருக்கிறேன். காகிதம் என்றால் நீ படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில், "அப்பா, செப்டம்பர் நாலு ஞாயித்துக்கிழமை ஒரு இடம் காலியா இருக்கு. உங்க டீம் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டதும் நான் முதலில் கேட்டது, உன் தலைமைப் பயிற்சியாளன் டக் பிரெனிமனுக்கு இது தெரியுமா என்பதைத்தான். "தெரியும்பா. நான்தான் உங்க பேரைப் போட்டேன். கோச் பாத்துட்டுச் சிரிச்சார்" என்றாய். எப்படிச் சிரித்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது உன் முதல் அட்டவணை. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். லீக்குக்குள் யாரோடு ஆடுவது என்பதை லீக்கே முடிவு செய்துவிடும். உன் கையில் இருப்பது லீக்குக்கு வெளியே ஆடுகிற எட்டு ஆட்டங்கள்தான். நவம்பரில் தேர்வுக் குழு தேசியப் போட்டிக்கு அறுபத்து நான்கு அணிகளைப் பொறுக்கும்போது எடுத்துப் பார்க்கிற தரப்புள்ளியில், உங்கள் சொந்த வெற்றி தோல்விக்குக் கால் பங்குதான். பாதிப் பங்கு, உங்களோடு ஆடிய அணிகள் மற்றவர்களிடம் எப்படி ஆடின என்பதிலிருந்து வருகிறது. ஆகவே நல்ல எதிரணி என்றால் உங்களிடம் தோற்றுவிட்டு, ஊரில் உள்ள மற்ற எல்லோரையும் ஜெயிக்கிற அணி. பெரிய பெயர்களைத் தேடிப் போகாதே, அவர்கள் உங்களை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சின்ன லீக்கில் இருக்கிற, கடைசி வருட மாணவிகள் நிறைய உள்ள, கோல்கீப்பர் மாறாத அணியாகப் பார். அந்தப் பயிற்சியாளர் வேறு வேலை தேடுகிறாரா என்று விசாரி. வெள்ளிக்கிழமை எங்கே ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வருகிறார்கள் என்று பார். ஆறு மணி நேரம் பஸ்ஸில் மடங்கிக் கிடந்த கால்கள் உனக்கு நல்லது.

இந்தக் கணக்குப்படி நீ எடுத்ததில் ஒரு பிழையும் இல்லை. போன வருடம் எங்களுக்குப் பதின்மூன்று வெற்றி. பதினொரு பேருக்கு இந்த வருடம் கடைசி வருடம். நடுக்களத்தில் ஹெய்டி ஸ்ட்ரூவ் இருக்கிறாள், நெப்ராஸ்காக்காரி, அவளிடமிருந்து பந்தைப் பிடுங்க இந்த லீக்கில் ஆள் இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் எங்கள் செயின்ட் ஆல்டன் கல்லூரியைத்தான் எடுத்திருப்பேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஓர் எதிரணியைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால், நவம்பர் வரை உன் பாதி விதி அந்த ஆளின் கையில். எனக்கு நடந்தது உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. டெலானோ கல்லூரியை நான்தான் எடுத்தேன். பதினான்கு வெற்றி பெற்ற அணி. செப்டம்பர் இரண்டாம் வாரம் அவர்கள் கோல்கீப்பருக்குக் காறை எலும்பு முறிந்தது, வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றார்கள். ஒரே ஓர் இடத்தில் நாங்கள் தேசியப் போட்டியைத் தவறவிட்டோம். அந்த டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளர் ஓய்வு பெற்றார். அவர் இடம் எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்குக் கீழே இருந்த டக், விளையாட்டுத் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னது இது: "ரஸ் நல்லாக் கணக்குப் போடுவார். கணக்குக்குள்ள ஆளுங்க இருக்காங்கன்னுதான் அவருக்குத் தெரியாது." துறைத் தலைவரே எனக்கு இதைச் சொன்னார், ஆறுதல் சொல்வது போல. வேலை டக்குக்குப் போனது. நான் இங்கே வந்தேன்.

அவனிடம் நீ வேலைக்குச் சேர்ந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை.

ஒப்பந்தத்தை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நாங்கள் இத்தனை மணிக்கு வர வேண்டும், இந்த நிறச் சட்டை போட வேண்டும், இடி மின்னல் என்றால் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. மற்ற ஆட்டங்களை நாங்கள் ஜெயிக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. யாரும் அப்படி எழுதி வாங்குவதில்லை. இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றியதே இல்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ.

உன் அப்பா,
ரஸ்ஸல் ஹேவர்கேம்ப்


மார்லோ
செப்டம்பர் 6

அன்பு லின்னியாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஊர் வந்து சேரும்போது ஒன்பது ஆகிவிட்டது. பஸ்ஸில் குளிர்சாதனம் பாதி வழியில் நின்றுபோனது. பெண்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வந்தார்கள், தோற்றுவிட்டு வருகிறவர்கள் மாதிரி இல்லை.

நீங்கள் இரண்டு கோல், நாங்கள் சுழியம், நியாயமான முடிவுதான். முதல் பாதியில் எங்களுக்குக் கால் இல்லை. வெள்ளிக்கிழமை டென்னசியில் ஆடிவிட்டு வந்த கால்கள். அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தாய் என்று தெரியும். நான் சொல்லிக் கொடுத்ததை நீ சரியாகச் செய்கிறாய். அதைக் களத்தின் அந்தப் பக்கத்தில் நின்று அனுபவிப்பது வேறு மாதிரி இருந்தது.

பெட்டிச் சாப்பாட்டுக்கு நன்றி. என் பெட்டியின் மேல் 'வெங்காயம் இல்லாதது - அப்பா' என்று உன் கையெழுத்தில் இருந்ததை உதவிப் பயிற்சியாளர் பெத் பார்த்துவிட்டாள். "கோச், உங்களுக்கும் ஒரு குடும்பம் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். பெத்துக்கு வாய் அதிகம். மூடியை நான் தூக்கிப் போடவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் வரிசையில் ஜெயித்தவன் தோற்றவனிடம் என்ன சொல்வான் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். இனி மிச்சம் எல்லாவற்றையும் ஜெயியுங்கள் என்பான். அது மரியாதையும் இல்லை, அன்பும் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து அவன் உன் அணிக்கு ரசிகன். நீ ஜெயித்தால் அவனுக்குப் புள்ளி. நானும் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், மெதுவாக, கண்ணைப் பார்த்துச் சொல்வேன். டக் எப்படிச் சொன்னான் என்பதை நீ பார்த்தாய். என் தோளில் கை போட்டு, உங்கள் பெண்கள், எங்கள் பெண்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னான்.

"ரஸ், நல்லா வளர்த்திருக்கப்பா பிள்ளைகளை. இனிமே ஒண்ணு விடாம ஜெயிச்சுக் குடு. பழைய கூட்டாளிக்கு இதைக்கூடச் செய்ய மாட்டியா? நீ இப்ப எனக்காகத்தான் வேலை பாத்துட்டு இருக்க, சம்பளம்தான் வேற எடத்துல."

உங்கள் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் குழந்தைகள், பயிற்சியாளர் சிரித்தால் சிரிப்பார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ கையில் இருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். சிரித்தாயா இல்லையா என்பது நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஆறு மணி நேரப் பயணத்தில் சில சமயம் நீ சிரித்த மாதிரியும் சில சமயம் சிரிக்காத மாதிரியும் தோன்றியது.

அவன் சொன்னது உண்மை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இனி அக்டோபரில் ஏதோ ஒரு புதன்கிழமை, எண்பது பேர் பார்க்கிற மைதானத்தில், நான் ஓர் ஆட்டத்தை ஜெயித்தால் ஒஹாயோவில் அவன் ஒரு படி ஏறுவான். என் பெண்கள் மழையில் ஓடினால் அவனுக்கு வெயில் அடிக்கும். இதை யோசித்துக்கொண்டே வந்தேன். பிறகு இதன் மறுபக்கத்தையும் யோசித்தேன். அதுவும் அதே கணக்குத்தான், கூட்டலுக்குப் பதில் கழித்தல்.

நீ ஓய்வெடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்டம் சொந்த மைதானத்தில் என்று பார்த்தேன். நன்றாக வரட்டும்.

அப்பா


மார்லோ
அக்டோபர் 12

அன்பு லின்னியாவுக்கு,

நீ திங்கட்கிழமை பேசியபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பெத் பக்கத்தில் இருந்தாள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

நீ கேட்டது: "என்னப்பா ஆச்சு உங்க டீமுக்கு? நாங்க ஆடினப்ப அவ்வளவு நல்லா இருந்தாங்களே." ஐந்து வெற்றி, எட்டுத் தோல்வி. பார்க்க நன்றாக இல்லைதான். எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. ஹெய்டியின் முழங்காலில் லேசான வீக்கம், அவளைப் பாதி ஆட்டத்துக்கு மேல் ஓட விடவில்லை. பதினொரு பேரும் மே மாதம் படிப்பு முடித்துப் போகிறவர்கள். அடுத்த வருட அணியை நான் எப்போது உருவாக்குவது? அதனால் முதல் வருடப் பெண்களை இறக்குகிறேன். கோல்கீப்பரை மாற்றிப் பார்த்தேன். இதில் எதையாவது எடுத்து இது தவறு என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வருடம் செய்வதுதான்.

பெத் கேட்டாள். "கோச், எட்டு ஆட்டம் தோத்தாச்சு. ஹெய்டியை உக்கார வச்சு, போன மாசம்தான் கால்ல பூட்ஸ் மாட்டக் கத்துக்கிட்ட பிள்ளையை நடுவுல விட்டிருக்கீங்க. யாருக்கு என்ன நிரூபிக்கிறோம்?" அடுத்த வருடத்துக்கு என்றேன். "இந்த வருஷம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நீ இன்னொன்றும் சொன்னாய், போனை வைக்கிற நேரத்தில், சின்னக் குரலில். உன் நியமனம் ஒரு வருடத்துக்குத்தான், தேசியப் போட்டிக்குப் போனால் நிரந்தரம், போகாவிட்டால் தெரியாது. ஜனவரியில் 'நம்ம அட்டவணை' என்று சொல்லிக்கொண்டிருந்த டக் இப்போது 'லின்னியாவோட அட்டவணை' என்கிறான். நீ அதைச் சொல்லிவிட்டு, "பரவால்லப்பா, மத்த ஏழு டீமும் நல்லாத்தான் ஆடுறாங்க. ஒண்ணுதான்" என்றாய். அந்த ஒன்று யார் என்று நீ சொல்லவில்லை. நல்ல பெண்.

நான் உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்த 'நம்ம' எப்போது 'உன்' ஆகும் என்பது எனக்குத் தெரியும். நாள் வரைக்கும் தெரியும். அந்த ஆள் அப்படித்தான். நீ அங்கே போகும்போதே இது நடக்கும் என்று இருந்தது. நான் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

நேற்று பயிற்சி முடிந்த பிறகு மைதானத்துக்குப் பக்கத்தில் தானியக் கிடங்கின் நிழல் எங்கள் கோல் வரை நீண்டு வந்திருந்தது. அறுவடை லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒரே தூசி. பெண்கள் இருமுகிறார்கள். ஹெய்டி மட்டும் தனியாகச் சுவரில் பந்தை அடித்து வாங்கிக்கொண்டிருந்தாள், ஒரு மணி நேரம், இரண்டு காலாலும். வீக்கம் இருக்கிற முழங்கால் மாதிரித் தெரியவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒன்பதாம் தேதி கெல்மன் ஸ்டேட்டுடன் இங்கே ஆட வேண்டிய ஆட்டம் மின்னலால் நின்றுபோனது. நவம்பர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை வைத்திருக்கிறார்கள். அதுதான் எங்களுக்குக் கடைசி. அதன் முடிவால் எங்களுக்கு ஆவது ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அப்பா


மார்லோ
நவம்பர் 1

அன்பு லின்னியாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் லீக் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறியதைப் பார்த்தேன். கடைசி நிமிட மூலை உதை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இனி நீங்கள் ஆடுவதற்கு எதுவும் இல்லை. திங்கட்கிழமை தேர்வுக் குழு பெயர்களை வாசிக்கும் வரை மற்றவர்கள் ஆடுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். பருவத்திலேயே கொடுமையான வாரம் இது.

உன் கணக்கு எனக்கு வந்தது. நீ கணக்கை அனுப்பவில்லை, போனில் ஒரே ஒரு வரிதான் அனுப்பியிருந்தாய்: 'அப்பா, சனிக்கிழமை ஹெய்டி ஆடுவாளா?' அதற்குப் பின்னால் இருந்த கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். மூன்று முறை. சனிக்கிழமை நாங்கள் கெல்மன் ஸ்டேட்டை ஜெயித்தால் நீங்கள் அறுபத்து நான்குக்கு உள்ளே. சமன் என்றாலும் அநேகமாக உள்ளே. தோற்றால் வெளியே, ஒரே ஓர் இடத்தில். நீயும் இதே விடைக்குத்தான் வந்திருப்பாய். உனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான்.

டக்கிடமும் இதைக் காட்டியிருப்பாய். அவன் என்ன சொன்னான்? எனக்கு அவன் பேசவில்லை. பேசினால் அது கேட்பது மாதிரி ஆகிவிடும், அவன் கேட்கமாட்டான். உன்னைக் கேட்க வைப்பான்.

ஹெய்டி நேற்று என் அறைக்கு வந்தாள். மின்னலால் நின்றுபோன ஆட்டம்தான் கடைசி வருடப் பெண்களுக்கு வழியனுப்பும் ஆட்டமாக இருந்தது. அதனால் சனிக்கிழமை அவர்கள் பெற்றோருடன் கைகோத்து மைதானத்துக்குள் நடப்பார்கள், பூங்கொத்து கொடுப்போம், அவர்களைத்தான் முதலில் இறக்குவோம். எல்லாக் கல்லூரியிலும் உள்ள வழக்கம்.

"கோச், எங்கப்பாவும் அம்மாவும் நெப்ராஸ்காலேர்ந்து பத்து மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றாங்க. நான் ஆடுவேன்ல?"

முழங்கால் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

"என் முழங்காலா? நல்லாத்தான் இருக்கு. நொண்டுறது நீங்கதான், கோச்."

அவள் அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள். நல்ல பெண், நாலு வருடமாக எனக்கு ஒரு நாள்கூடத் தலைவலி கொடுக்காதவள். போகும்போது கதவருகில் நின்று, "எங்க மேல உங்களுக்கு ஏதாவது கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன், பதில் வரவில்லை. ஆட்டப் பட்டியலை நான் இன்னும் எழுதவில்லை. சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு நடுவரிடம் கொடுக்க வேண்டும். அதில் பெயர் இருக்கிறவர்கள்தான் ஆட முடியும், ஆட்டம் தொடங்கிவிட்டால் எழுதிச் சேர்க்க முடியாது.

இந்த வாரம் எனக்குத் திரும்பத் திரும்ப ஒரே கனவு. துறைத் தலைவர் அறைக்கு வெளியே நான் காத்திருக்கிறேன். உள்ளே டக் பேசுவது கேட்கிறது. கதவு திறக்கிறது. அதோடு விழித்துக்கொள்கிறேன். பதினொரு வருடம் கழித்து, அந்தக் கதவின் கைப்பிடி என் பக்கம் இருக்கிறது. அதை விடு என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் நீ சொல்லவில்லை. ஹெய்டி ஆடுவாளா என்று மட்டும் கேட்டாய்.

இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். சனிக்கிழமை மதியம் போனை வீட்டில் வைத்துவிட்டு ஆற்றோரமாக எங்காவது நடந்துவிட்டு வா. திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. அப்பா சொல்வதை இந்த ஒரு முறை கேள்.

ரஸ்ஸல்


மார்லோ
நவம்பர் 8

லின்னியா,

நேற்று மாலை அவர்கள் அறுபத்து நான்கு பெயரையும் வாசித்து முடிக்கும் வரை கேட்டேன். கார்வெல் அதில் இல்லை.

என்ன நடந்தது என்று எழுதுகிறேன். வழியனுப்பும் சடங்கு பன்னிரண்டரைக்கு நடந்தது. ஹெய்டியின் அப்பா கோதுமை பயிரிடுகிறவர், பெரிய கைகள். என் கையைக் குலுக்கி, "எங்க பொண்ணைப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார். ஒரு மணிக்கு நான் பட்டியலைக் கொடுத்தேன். அதில் பதினெட்டுப் பெயர் தட்டச்சாகி இருந்தது. நாலு பெயரை நான் பேனாவால் அடித்திருந்தேன். முதல் பெயர் ஹெய்டி ஸ்ட்ரூவ்.

பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்யவில்லை. பெஞ்சில் கண்ணெதிரே இருந்தால் நடுவில் என் மனம் மாறிவிடும் என்று தெரியும். மாற முடியாதபடி செய்துகொண்டேன்.

மாறியது. இரண்டாம் பாதியில், ஒன்று சுழியத்தில் நாங்கள் பின்தங்கியிருந்தபோது. கெல்மன் ஸ்டேட் ஒன்றும் பெரிய அணி இல்லை, ஹெய்டியும் இன்னும் இரண்டு பேரும் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. நான் பெத்தைப் பார்த்து, "ஹெய்டியைக் கூப்பிடு" என்றேன். பெத் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எங்கேர்ந்து கோச்? அவ பேரை நீங்கதானே அடிச்சீங்க." ஹெய்டி மேலே பார்வையாளர் வரிசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், மடியில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. முழு முப்பது நிமிடம் அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று சுழியத்தில் முடிந்தது.

கைகுலுக்கும் வரிசையில் கெல்மன் பயிற்சியாளர், "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

இன்று காலை டக் கூப்பிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். பதினொரு வருடமாக அவன் கத்துவதைக் கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அவன் மென்மையாகப் பேசினான். "ரஸ், உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. யாருக்குத்தான் ஒரு வருஷம் சரிஞ்சதில்ல? ஆனா மேல கேக்குறாங்க, நான் என்ன சொல்றது? அட்டவணை உன் பொண்ணு போட்டது. நல்ல பொண்ணு. நல்லாக் கணக்குப் போடுறா. கணக்குக்குள்ள ஆளுங்க இருக்காங்கன்னுதான் அவளுக்குத் தெரியல." அதை ஏற்கனவே ஒருவரிடம் சொன்னோம் என்ற நினைவே அவனுக்கு இல்லை. பழைய கோட்டு மாதிரி, குளிர் வரும்போது எடுத்து மாட்டிக்கொள்கிறான்.

நான் போனை வைத்துவிட்டேன். என்னைப் பற்றி அவன் சொன்னது பொய் என்று இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். உன்னைப் பற்றி அவன் சொல்வதுதான் பொய். கணக்குக்குள் ஓர் ஆள் இருப்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் என்னை எடுத்தாய்.

டக்குக்கு நடந்ததற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான், அடுத்த வருடமும் உட்காருவான். அறையைக் காலி செய்யப்போவது நீ.

ஆகவே இது. பட்டியலின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நாலு பெயரை அடித்த கோடு என்னுடையது, ஓரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அக்டோபர் முதல் நான் யாரை உட்கார வைத்தேன், எதற்காக என்று ஆட்டம் ஆட்டமாக எழுதி அதையும் இணைத்திருக்கிறேன். ஹெய்டிக்கு முழங்காலில் எதுவும் இல்லை என்று கல்லூரி மருத்துவர் செப்டம்பரில் கொடுத்த சீட்டு மூன்றாவது. ஹெய்டியின் அப்பா அம்மாவிடம் கேட்டுத்தான் அதை வைத்தேன். ஏன் என்றும் சொல்லிவிட்டேன். அவள் அப்பா, வை என்றார். உன் அட்டவணை சரியான அட்டவணை. எட்டு அணியில் எட்டும் சரி. எட்டாவது அணி தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டது, அதன் பயிற்சியாளரால். துறைத் தலைவர் இதைப் படித்தால் உன்னை அனுப்ப அவரிடம் காரணம் இருக்காது. எங்கள் கல்லூரித் தலைவரும் படிப்பார் என்று நினைக்கிறேன். அது என் பாடு.

காகிதத்தில் எழுதியிருந்தால் நீ படித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தபாலில் போடவில்லை. உன் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்புகிறேன்.

பத்திரமாக இரு, கண்ணே. என்றாவது ஒரு நாள் எனக்குச் சாப்பாடு அனுப்பத் தோன்றினால், மூடியில் பெயர் மட்டும் எழுது. வெங்காயம் இருந்தாலும் சாப்பிடுகிறேன்.

ரஸ்ஸல் ஹேவர்கேம்ப்
தலைமைப் பயிற்சியாளர், பெண்கள் கால்பந்து
செயின்ட் ஆல்டன் கல்லூரி